எதுன்னாலும் ஓகே அத்தை

க்யூவைக் கண்டால் கால் தானாகப் போய் நின்றுவிடும் வியாதி எனக்கு உண்டு. எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்பதெல்லாம் அப்புறம். முதலில் இடம் பிடிக்க வேண்டும். ரேஷன் கடை, ரிசர்வேஷன் கவுன்டர், தீபாவளி ஸ்வீட் கடை... நம் ஊர் கொடுத்த டிரெய்னிங் அப்படி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில், அப்படித்தான் ஒரு க்யூவில் போய் நின்றேன். பசி. குளிர். ஊரே அடைத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் சாப்பாட்டைத் தவிர வேறு எதற்காக இருக்கும்?

சாப்பாட்டுக்காக இல்லை.

எதற்காக என்று சொல்வதற்கு முன்னால், நான் ஏன் அங்கே பட்டினியோடு போய் நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் கடைசியில் என் மகன் கார்த்திக்கின் வீட்டுக்கு வந்தேன் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். வுப்பர்டால். ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஓடாமல் கீழே தொங்கிக்கொண்டு போகிற ஊர். கார்த்திக்குக்கு ஐ.டி. வேலை. மருமகள் ஷீபாவுக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. என் வீட்டுக்காரர், "அந்தக் குளிர்ல எனக்கென்ன வேலை" என்று சென்னையிலேயே தங்கிவிட்டார்.

டிசம்பர் நடுவில் ஷீபாவின் அம்மாவும் வருவதாக ஏற்பாடு. ஜெயமணி டீச்சர். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையார். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள். அந்த ஒரே மகளைத்தான் என் பிள்ளை காதலித்துக் கட்டிக்கொண்டான்.

அவர்கள் சர்ச். நாங்கள் கோயில். இரண்டு வருடம் முன்பு கல்யாணப் பேச்சு நடந்த அழகைக் கேளுங்கள்.

"சர்ச்சுலயே வச்சுக்கலாமா டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"உங்க இஷ்டம் சம்பந்தியம்மா" என்றார்.

"கோயில்ல வச்சாலும் எனக்கொண்ணும் இல்லைங்க" என்று அடுத்த வாரம் அவர் சொன்னார்.

"உங்க இஷ்டம் டீச்சர்" என்றேன் நான்.

யார் மனமும் நோகக்கூடாது என்று கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, சாயங்காலம் ஹாலில் ரிசப்ஷன் என்று முடிந்தது. எல்லோருக்கும் திருப்தி. அதாவது, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் மனசு நொந்தது... யாரும் வெளியே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு டீச்சர் போனில் பேசுவதெல்லாம் "சாப்பிட்டீங்களா, அங்க மழை உண்டா" என்பதோடு சரி. ஆனால் உறவுக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? அவர் யாரிடமோ சொன்ன ஒரு வார்த்தை, நாலு வாய் மாறி என் காதுக்கு வந்தது.

"பொண்ணைக் கட்டிக் கொடுத்தேனா, தொலைச்சேனான்னு தெரியலை."

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்ன அந்தப் பெண்ணை அடைத்தா வைத்திருக்கிறோம்? தங்கமாக அல்லவா வைத்திருக்கிறோம்! கோபம்கூட வந்தது. அப்புறம் இரண்டு நாள் யோசித்தேன். முதல் தடவையாக வருகிறார். அதுவும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார். அவர் வாழ்நாளில் பார்க்காத ஒரு கிறிஸ்துமஸைக் காட்டி அனுப்பினால், அந்த வார்த்தையை அவரே திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாரா?

அதனால் டூர் பிளானிங் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தகுதி? டீச்சர் வருவதற்கு முன்பே வந்தவள் நான். ஜெர்மனியில் எனக்கு ஒன்றரை மாத சீனியாரிட்டி!

கார்த்திக்கிடம் கேட்டேன். "அம்மா, வருஷக் கடைசி, ரிலீஸ் இருக்கு. நீயே முடிவு பண்ணி லிங்க் அனுப்பு, நான் புக் பண்ணிடறேன்" என்றான் லேப்டாப்பை விட்டுத் தலையைத் தூக்காமல். அவனைக் கேட்டும் பிரயோஜனமில்லை. இத்தனை வருடமாக டிசம்பர் லீவு விட்டதும் சென்னைக்குப் பறந்து வந்துவிடுவான். ஜெர்மனியின் கிறிஸ்துமஸை அவனும் பார்த்ததில்லை.

ஷீபாவிடம் கேட்டேன். "எதுன்னாலும் ஓகே அத்தை."

வீடியோ காலில் டீச்சரிடம் கேட்டேன். "உங்க இஷ்டம் சம்பந்தியம்மா."

சரி என்று யூடியூபைத் திறந்தேன். அங்கேதான் தலை சுற்ற ஆரம்பித்தது.

டிரெஸ்டனைப் பார்க்காதவர் கிறிஸ்துமஸையே பார்க்காதவர் என்றார் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு தம்பி. நியூரம்பெர்க்தான், வேறு எதுவும் வேஸ்ட் என்றார் ஒரு தங்கச்சி. நியூரம்பெர்க்கில் மூச்சு விட இடமில்லை, தயவுசெய்து போகாதீர்கள் என்று இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டார். கொலோன் என்றார்கள். ஜெர்மனியே வேண்டாம், பக்கத்து நாட்டுப் பிராகுக்குப் போங்கள் என்றார்கள். நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தேன். நாலாவது நாள் பார்த்தால் எந்தக் கோட்டை எந்த ஊரில் இருக்கிறது, எந்த ராட்டினம் எந்த ஊரில் சுற்றுகிறது என்று எனக்கே புரியவில்லை. எல்லா ஊரிலும் ஒரே மணிக்கூண்டு. ஒரே மஞ்சள் விளக்கு. ஒரே மாதிரிக் கோப்பையில் ஆவி பறக்கும் ஏதோ ஒன்று. தூக்கத்தில்கூட நான் ஒரு ஊரில் ரயில் ஏறி அதே ஊரில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"ஷீபா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். நீ ஏதாவது ஒண்ணு சொல்லேன்!"

தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அதைத் திருப்பிப் போட்டாள். "லைப்சிக் கூட நல்லா இருக்கும் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அங்கதான் ரிசர்ச் பண்ணினேன்" என்றாள். உடனே ஏதோ அதிகமாகப் பேசிவிட்டவள் மாதிரி, "ஆனா எதுன்னாலும் ஓகே" என்றாள்.

போதாதா? மூழ்கப் போகிறவளுக்குக் கட்டை கிடைத்தது. லைப்சிக்!

டீச்சரிடம் சொன்னேன். வீடியோவில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"லைப்சிக்கா? அந்த ஊர்லேருந்துதான் எங்க சபைக்கு மிஷனரிமாருங்க வந்தாங்க சம்பந்தியம்மா. சின்னப் பிள்ளையிலேருந்து கேள்விப்பட்ட பேரு..." என்றார். அப்புறம் சட்டென்று, "எதுக்கும் உங்க இஷ்டம்" என்று முடித்துவிட்டார்.

நான் அதைப் பொது அறிவுத் தகவலாக எடுத்துக்கொண்டேன். டீச்சர் அல்லவா!

பிளான் தயாரானது. கிறிஸ்துமஸ் மார்க்கெட், அதாவது ஊர்ச் சதுக்கத்தில் பலகைக் கடைகள் போட்டு நடத்துகிற பண்டிகைச் சந்தை. பெரிய ராட்டினம். பழைய டவுன் ஹால். மியூசியம். மிருகக்காட்சி சாலையைக்கூடச் சேர்த்தேன். சேர்க்காதது ஒன்றே ஒன்று... சர்ச்.

வேண்டுமென்றேதான் விட்டேன். கல்யாணத்துக்கு வேண்டாத சர்ச் இப்போது மட்டும் எதற்கு என்று அவர் நினைத்துவிட்டால்? நாங்கள் நடிக்கிறோம் என்று தோன்றிவிட்டால்? வம்பே வேண்டாம். ஊர் சுற்றுவோம், பலகாரம் சாப்பிடுவோம், போட்டோ எடுப்போம், திரும்புவோம்.

தேதி? அதில் எனக்குக் குழப்பமே இல்லை. 24, 25, 26. கிறிஸ்துமஸ் மார்க்கெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தானே அது உச்சத்தில் இருக்க வேண்டும்? தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தி.நகர் ரங்கநாதன் தெருவில் நீந்தி வெளியே வந்தவள் நான். எனக்கா தெரியாது?

கார்த்திக் ரயிலையும் ஹோட்டலையும் புக் செய்துவிட்டான். மலிவாகக் கிடைத்ததாம். கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஹோட்டல் ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கீழ் வீட்டில் யோகம் அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து எப்படியோ வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இருவரும் வயதைச் சொல்வதில்லை. மாடிப்படியில் பார்த்தபோது பெருமையாக டூரைப் பற்றிச் சொன்னேன்.

"இருபத்திநாலாந் திகதியோ? ஐயோ அக்கா! அண்டைக்கு மத்தியானத்தோட எல்லாத்தையும் பூட்டிப்போடுவினம்."

"கிறிஸ்துமஸ் மார்க்கெட்டைக்கூடவா?"

"ஓம். அதை அதுக்கு முதலே கழட்டிப்போடுவினம். பிறகு ரெண்டு நாளைக்கு ஒரு சாமானும் வாங்க ஏலாது. நாங்கள் வந்த முதல் வருஷம் தெரியாமல் இருந்து, ஒரு துண்டு பாண்கூட இல்லாமல் கிடந்தனாங்கள். மருமகளிட்டைக் கேட்டுப் பாருங்கோ, அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

பாண் என்றால் அவர்கள் பக்கத்தில் ரொட்டி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொங்கலன்று கரும்புக் கடையை மூடுவார்களா? கார்த்திக்கைக் கேட்டேன். "அப்படியெல்லாம் இருக்காதும்மா... சரி, இருந்தாலும் இனிமே கேன்சல் பண்ண முடியாது" என்றான். இது ஆறுதலா, அபாய மணியா? நெட்டில் தேடினால் ஒரு பக்கம் திறந்திருக்கும் என்றது, இன்னொரு பக்கம் மூடியிருக்கும் என்றது. மூன்றாவது பக்கம் போன வருடத்தைப் பற்றிப் பேசியது.

துணி மடித்துக்கொண்டிருந்த ஷீபாவிடம் போய் நின்றேன்.

"யோகம் அக்கா எல்லாம் மூடிடும்னு சொல்றாங்களே... நிஜமாம்மா?"

அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். "ஏதாவது ஒண்ணு திறந்திருக்கும் அத்தை" என்றாள்.

அதற்குள் டீச்சர் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்துவிட்டார். கை முறுக்கும் அச்சு முறுக்கும் டப்பா டப்பாவாக. "சபையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன் சம்பந்தியம்மா, லைப்சிக் போறோம்னு. எங்க ஐயரு ஜெபத்துலயே சொன்னாரு" என்றார். அவர்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். ஜெபத்தில் அறிவித்துவிட்ட டூரை யார் மாற்றுவது? வாயை மூடிக்கொண்டேன்.

இருபத்தி நாலாம் தேதி காலையில் கிளம்பினோம். ஷீபாவின் பெட்டி பயங்கர கனம். "உள்ள என்னம்மா, கல்லா?" என்றேன். "ஸ்வெட்டர்தான் அத்தை" என்றாள். கார்த்திக் அதைத் தூக்கி ரயிலில் ஏற்றுவதற்குள் அவனுக்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது.

மத்தியானம் தாண்டி லைப்சிக்கில் இறங்கினோம். பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நேராக மார்க்கெட் சதுக்கத்துக்கு நடந்தோம். நான் முன்னால் நடந்தேன். சீனியர் அல்லவா?

சதுக்கம் வந்தது. மார்க்கெட் இல்லை.

பலகைகள் இருந்தன. கட்டு கட்டாக அடுக்கி வைத்த பலகைகள். ஒரு லாரி. அலங்காரத்தையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, கடைசிக் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர். மார்க்கெட் நேற்றோடு முடிந்துவிட்டதாம். வீடியோவில் சுற்றிய ராட்டினத்தையும் காணோம்.

டீச்சர்தான் முதலில் பேசினார்.

"நல்லா இருக்கு சம்பந்தியம்மா. பலகையெல்லாம் எவ்வளவு ஒழுங்கா அடுக்கியிருக்காங்க பாருங்க."

சொன்னதோடு விடவில்லை. போனை எடுத்து அந்தப் பலகைகளைப் போட்டோ வேறு எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதை இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மியூசியம்? மூடியாகிவிட்டது. டவுன் ஹால்? வெளியிலிருந்து பார்க்கலாம். துணிக்கடை, காபிக்கடை, பேக்கரி... எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. "இங்க ஒரு ரெஸ்டாரன்ட் ஓப்பன்னு காட்டுதும்மா" என்று கார்த்திக் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு தெருவில் திரும்புவான். போய்ப் பார்த்தால் நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இப்படியே மூன்று நான்கு தெரு. மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. சூரியனும் ஷட்டரைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டது. நாலு மணிக்கே இருட்டு.

ஊர்க்காரர்களெல்லாம் எங்கே போனார்கள்? திருவிழாவும் அதுவுமாக ஒரு ஜனத்தைக் காணோமே?

அப்போதுதான் அந்த க்யூ கண்ணில் பட்டது.

ஒரு தெருமுனையைச் சுற்றி நீளமாக நின்றது. என் கால் தன் வேலையைக் காட்டியது. ஓடினேன். போய் நின்றுகொண்டு கையை ஆட்டினேன். "டீச்சர், வாங்க வாங்க! இடம் பிடிச்சுட்டேன்!"

மூவரும் வந்து சேர்ந்தார்கள். எங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பரவாயில்லை, பெரிய ஹோட்டல்தான் போலிருக்கிறது என்று எனக்கு உற்சாகம். மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். சமையல் வாசனை ஏதும் வரவில்லை. முன்னால் நின்றவர்களைப் பார்த்தேன். நல்ல நல்ல கோட்டு போட்டிருந்தார்கள். குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டிருந்தார்கள். யாருக்கும் பசித்த முகம் இல்லை.

தலைக்கு மேலே மணி அடித்தது.

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உயரமான கோபுரம்.

"சம்பந்தியம்மா... இது சர்ச்சு" என்றார். குரலே மாறியிருந்தது.

இப்போது என்ன செய்ய? என் பிளானில் இல்லாத ஒரே இடத்தில், நானே ஓடிப் போய் இடம் பிடித்து வைத்திருக்கிறேன்!

"போகலாமா டீச்சர்?"

"உங்க இஷ்டம் சம்பந்தியம்மா."

"இல்லை இல்லை, உங்க இஷ்டம்."

"உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாங்க. நாம வேற எங்கயாவது..."

"எனக்கென்ன சங்கடம்? உங்களுக்கு எது சரின்னு படுதோ..."

க்யூ நகர்ந்தது. நாங்கள் நகரவில்லை. எங்களுக்கு முன்னால் இடைவெளி விழுந்துவிட்டது. பின்னால் நின்ற வெள்ளைத்தலை அம்மாள் ஒருவர் முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உள்ள போறீங்களா, இல்லையான்னு கேக்கிறாங்க" என்றாள் ஷீபா. "இல்லைன்னா நாம வழி விடணுமாம்."

அவ்வளவுதான் கேள்வி. போகிறாயா, இல்லையா? இரண்டு வருடமாக எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. சொன்னால் போகிறோம், சொல்லாவிட்டால் தள்ளி நிற்கிறோம். இதில் என்ன கஷ்டம்?

டீச்சர் அந்த அம்மாளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"போகணும்" என்றார். "எனக்குப் போகணும் சம்பந்தியம்மா. என் பொண்ணோட போகணும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அந்த இடைவெளியை அடைக்க வேண்டுமே!

உள்ளே கடைசி பெஞ்சில் நாலு பேருக்கும் இடம் கிடைத்தது. ஆர்கன் வாசித்தார்கள். நெஞ்சுக்குள்ளே இறங்கி அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். பாதிரியார் பேசியது எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் டீச்சருக்கும் மொழி புரியவில்லை, ஆனால் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நான் அவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன், உட்கார்ந்தேன். அங்கே சீனியர் அவர்தான்.

அப்புறம் எல்லோரும் எழுந்து ஒரு பாட்டுப் பாட ஆரம்பித்தார்கள். ஜெர்மன் பாட்டு. இரண்டாவது வரியில் எனக்குப் பக்கத்தில் தமிழ் கேட்டது.

டீச்சர் பாடிக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லை, பேப்பர் இல்லை. அதே ராகம், அதே இடத்தில் ஏற்றம், அதே இடத்தில் இறக்கம். வார்த்தை மட்டும் தமிழ். அவருக்கு அந்தப் பக்கம் ஷீபா. அவளும் பாடினாள்.

"எங்க ஞானப்பாட்டுப் புஸ்தகத்துல இருக்கு அத்தை" என்று நடுவில் என் காதில் சொன்னாள். "ராகம் இங்கேயிருந்து வந்ததுதான்."

நான் ராகத்தைக் கவனிக்கவில்லை. அவள் குரலைக் கவனித்தேன். எவ்வளவு பெரிய குரல்! எங்கள் வீட்டு மருமகளுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா? சமையலறையில் என்னோடு இரண்டு மாதமாக நின்றிருக்கிறாள், ஒரு முணுமுணுப்புகூடக் கேட்டதில்லையே? உன் பண்டிகைக்கு நீ என்ன செய்வாய், எங்கே போவாய் என்று இந்தப் பெண்ணை நான் ஒரு நாளாவது கேட்டேனா? எந்த ஊருக்குப் போகலாம் என்று மட்டும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சொல்வதற்கென்ன, கண்ணும் கலங்கியது.

டீச்சர் அழுதுகொண்டேதான் பாடினார். பாடிக்கொண்டே பாட்டு அச்சடித்த பேப்பரை எடுத்து கார்த்திக் கையில் திணித்தார்.

"வாயாவது அசைங்க மாப்பிள்ளை!"

என் பிள்ளை பயந்துபோய் வாயை அசைத்தான்.

வெளியே வந்ததும் பசி திரும்ப வந்தது. ஹோட்டலுக்கு நடந்தோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அச்சு முறுக்குதான் என்று நான் முடிவு செய்திருந்தேன். ரூமுக்குள் போனதும் ஷீபா அந்தக் கனத்த பெட்டியைத் திறந்தாள்.

ஸ்வெட்டர்கள் இருந்தன. ஸ்வெட்டர்களுக்கு நடுவில், குழந்தையைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி, எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர். அரிசி. பருப்புப் பொடி. நல்லெண்ணெய். எலுமிச்சை ஊறுகாய். நாலு தட்டு, நாலு ஸ்பூன்.

ஹோட்டல்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன் - அந்த ரூமில் சுடச்சுடச் சோறு வடித்துச் சாப்பிட்டோம்.

இரண்டாவது தடவை பருப்புப் பொடி போட்டுக்கொண்டபோதுதான் எனக்கு மெதுவாக உறைத்தது. ஊர் சுற்றப் போகிறவள் எதற்குக் குக்கரைக் கட்டிக்கொண்டு வந்தாள்?

"ஷீபா, எல்லாம் மூடியிருக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும்!"

"ரெண்டு வருஷம் இங்கதானே இருந்தேன் அத்தை."

"சர்ச் மட்டும்தான் திறந்திருக்கும்னும் தெரியும்!"

அவள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். காது சிவந்திருந்தது.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க தேதியை மாத்திடுவீங்களே அத்தை" என்றாள். "மாத்தியிருந்தா அம்மா சர்ச்சுக்குப் போகணும்னு வாயைத் திறந்திருக்கவே மாட்டாங்க. நானும்தான்."

கார்த்திக் வாயில் வைத்த ஸ்பூனோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு போட்ட பிளானுக்குள், இந்த வாயில்லாப் பூச்சி சத்தமில்லாமல் தன் பிளானைப் போட்டு வைத்திருக்கிறது! கோபப்படலாமா என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.

'எதுன்னாலும் ஓகே' என்று சொல்கிறவர்களை இனிமேல் நான் நம்புவதாக இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள். ஹோட்டலில் மெனு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அவர் மனசுக்குள் ஒன்றே ஒன்று இருக்கிறது. நாம் இரண்டாவது தடவை கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கேட்டுப் பழக்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

அன்றைக்கு ராத்திரியே டீச்சர், "ஜன்னல் பக்கத்துக் கட்டில் எனக்கு வேணும் சம்பந்தியம்மா" என்றார். கொடுத்தேன். "மாப்பிள்ளை, நாளைக்குச் சோறு இன்னும் கொஞ்சம் குழையணும்" என்றார். அவன் தலையாட்டினான். இரண்டு வருடப் பாக்கியை ஒரே ராத்திரியில் வசூலித்துக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள், கிறிஸ்துமஸ் காலை. "எங்க போகலாம் அத்தை?" என்றாள் ஷீபா.

வழக்கம் போல, உங்க இஷ்டம் என்று வாய் வரை வந்துவிட்டது. கடித்து நிறுத்தினேன். "எனக்குச் சூடா ஒரு டீ வேணும்!"

தேடினோம். தெருத்தெருவாகத் தேடினோம். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரே ஒரு கடை திறந்திருந்தது. துருக்கிக்காரர் ஒருவரின் கபாப் கடை. எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, சின்னக் கண்ணாடி கிளாஸில் கறுப்பு டீ கொண்டுவந்து வைத்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு டீச்சர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்க எல்லாரும் பொறையாருக்கு வரணும். என் வீட்டுல வந்து தங்கணும். என் பொண்ணு எங்க சபையில, என் பக்கத்துல நின்னு பாடணும். எனக்கு அது வேணும்."

"வர்றோம் டீச்சர்" என்றேன். "ஆனா எனக்கும் ஒண்ணு வேணும். அன்னைக்குக் கடை ஏதாவது திறந்திருக்கணும்!"

டீச்சர் கபாப் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். வாய் கொள்ளாமல் சிரித்தார்.

"அந்தக் கவலையே வேணாங்க. எங்க ஊருலயும் கிறிஸ்துமஸ் அன்னைக்கு பாய் கடைதான்!"